சந்தனமாரியின் டப்பா

தூத்துக்குடி
18-2-1974

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் ஜெபகனியும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாசரேத்து வைத்தியர் கொடுத்த எண்ணெயைத் தேய்க்கிறீர்களா, இல்லை புத்தக அலமாரியில் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டீர்களா என்று ஜெபகனி தன் நாத்தனாரிடம் கேட்கச் சொன்னாள்.

தம்பியாக இல்லாமல் உப்பள மேனேஜராக ஓர் உதவி கேட்கிறேன். தருவைகுளம் சாலையில் இருக்கும் எங்கள் உப்பளத்தை நீங்கள் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். பாத்தியில் விளைந்த உப்பை ஆண்கள் பலகையால் வாரி ஒதுக்குவார்கள். பெண்கள் அதை ஓலைப் பெட்டியில் அள்ளி, தலையில் சுமந்து, மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவார்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் பகல் இரண்டு மணிவரை. அத்தனை பெரிய வெளியில் ஒரு மரம் கிடையாது. மேலே வெயில், கீழே உப்பிலிருந்து திரும்பி அடிக்கிற வெயில். குடிதண்ணீர் ஒரு பானை. பத்து மணிக்கு அது வெந்நீர்.

ஒரே ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஏழாம் மாதம் ஆனதும் பிள்ளைத்தாய்ச்சியைச் சுமையிலிருந்து எடுத்து, உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் சாக்குத் தைக்க உட்காரவைப்பார்கள். முதலாளியின் தகப்பனார் காலத்து ஏற்பாடு. ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

போன வாரம் முதலாளி சங்கரபாண்டியன் அண்ணாச்சியிடம் ஓர் ஓலைக் கொட்டகையும் நாலு பானைத் தண்ணீரும் வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“என்னவே சுந்தர்சிங், தர்மம்னா நான் திருச்செந்தூர்ல பண்ணிக்கிடுதேன். அளத்துல வந்து தர்மம் பேசாதீரும். கொட்டகை போட்டா உப்புக் கூடுமா? கூடும்னா சொல்லும், நாளைக்கே போடுதேன். சும்மா சொல்லப்பிடாது, கணக்கா சொல்லணும்.”

எனக்கு மனு எழுதத் தெரியும், கணக்காகச் சொல்லத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். செய்வீர்களா?

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும் தம்பி,
சுந்தர்சிங்


சென்னை
27-2-1974

அன்புள்ள சுந்தர்சிங்,

உன் கடிதம் கிடைத்தது. எண்ணெய் அலமாரியில்தான் இருக்கிறது, ஆனால் முன்வரிசையில். முழங்கால் மாடிப்படியில் மட்டும் பேசுகிறது. நீங்கள் இருவரும் சுகம் என்பதில் மகிழ்ச்சி. உன் கண் எரிச்சலைப் பற்றி நீ எழுதவில்லை. கறுப்புக் கண்ணாடி வாங்கினாயா?

உன் முதலாளியின் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது எனக்குப் பழகிய கேள்வி. இருபத்திரண்டு வருடமாக அதையேதான் கல்லூரியில் பொருளாதார வகுப்பில் கற்பிக்கிறேன். கொடுக்க மனமில்லாதவரிடம் ‘கொடுத்தால் உங்களுக்குத் திரும்பி வரும்’ என்று சொல்வது கெட்டிக்காரத்தனம். அது சரியான காரணமா என்பது வேறு விஷயம். இப்போதைக்குக் கொட்டகை வரட்டும்.

செய்யவேண்டியது இது. பத்துப் பெண்களைத் தேர்ந்தெடு. நான்கு வாரம் இப்போது இருக்கிறபடியே வேலை நடக்கட்டும். அடுத்த நான்கு வாரம் தற்காலிகமாக ஒரு கொட்டகையும் நல்ல தண்ணீரும் கொடு. காலையில் ஒருமுறை, உச்சிக்குமுன் ஒருமுறை அரைமணி நேரம் உட்காரச் சொல். இரண்டு காலத்திலும் ஒவ்வொருத்தியும் நாளுக்கு எத்தனை பெட்டி சுமக்கிறாள் என்று எண்ணு. உன் ஞாபகத்தை நம்பாதே. கங்காணியின் ஞாபகத்தை அதைவிடவும் நம்பாதே. எண்ணுவதற்கு அவர்களே பயன்படுத்தக்கூடிய எளிய வழி ஒன்று கண்டுபிடி.

முக்கியமானது ஒன்று. எதற்காக எண்ணுகிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லாதே. தெரிந்தால் எண்ணிக்கை கெட்டுப்போகும்.

ஜெபகனிக்கு என் அன்பு.

அக்கா,
தேவகனி


தூத்துக்குடி
14-4-1974

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று ஈஸ்டர். ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். கறுப்புக் கண்ணாடி வாங்கிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு போனால் அளத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். உங்களுக்குச் சென்னை வெயில் எப்படி?

நீங்கள் கேட்ட எளிய வழி கிடைத்துவிட்டது. ஆளுக்கு ஒரு பால்பவுடர் டப்பா. ஒவ்வொன்றிலும் அவளவள் சொன்ன அடையாளத்தை நானே சாயத்தால் வரைந்தேன்: ஒருத்திக்கு வேல், ஒருத்திக்கு மீன், ஒருத்திக்குப் பனைமரம். மேட்டில் பெட்டியைக் கொட்டியதும் பக்கத்தில் குவித்திருக்கும் சிப்பியில் ஒன்றை எடுத்துத் தன் டப்பாவில் போட வேண்டும். சாயங்காலம் நான் எண்ணிக் குறித்துக்கொள்கிறேன்.

கொட்டகை இல்லாத நான்கு வாரம் முடிந்தது. அடுத்த நான்கு வாரத்துக்கு மட்டும் என்று அண்ணாச்சி சம்மதித்து, நேற்று கொட்டகை போட்டோம். பனை ஓலை, சவுக்குக் கம்பு, கீழே ஆற்றுமணல். உள்ளே ஐந்து புதுப் பானை. அக்கா, அந்த வெள்ளை வெளியில் அது ஒன்றுதான் கறுப்பாக நிற்கிறது. தூரத்திலிருந்து பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

எதற்கு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சுடலைமாடத்தி என்று ஒரு பெண் இருக்கிறாள். அறுபதை நெருங்குகிற வயது, அந்தப் பத்துப் பேருக்கும் அவள்தான் தலைவி மாதிரி. அவள் கேட்டாள்.

“என்னத்துக்கு ஐயா இந்தச் சிப்பி?”

“சும்மாதான்.”

“கொட்டகை?”

“அதுவும் சும்மாதான்.”

“சும்மா கொட்டகை போடுத மொதலாளிய நான் இத்தன வயசுக்குப் பாத்ததில்ல. சரி, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பத்துப் பேரில் சந்தனமாரி என்று ஒரு சின்னப் பெண் நாலு மாதமாக இருக்கிறாள். அவளைச் சேர்த்தது சரியா என்று எழுதுங்கள்.

ஈஸ்டர் வாழ்த்துகளுடன்,
சுந்தர்சிங்


சென்னை
20-5-1974

அன்புள்ள சுந்தர்சிங்,

நலம். வெயிலைப் பற்றி உனக்கு நான் எழுதக் கூடாது. எனக்கு இங்கே சுவரும் கூரையும் இருக்கின்றன. நீ அனுப்பிய எண்ணிக்கைத் தாள்கள் வந்தன. உன் கையெழுத்து இன்னும் பள்ளிக்கூடப் பையனுடையதுதான். ஆனால் ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருக்கிறாய். நல்ல வேலை.

மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். நம்பவில்லை, இன்னொரு முறை கூட்டினேன். கொட்டகையும் தண்ணீரும் வந்தபிறகு, நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தும், நூற்றுக்குப் பதினொன்று கூடியிருக்கிறது. நாலோ ஐந்தோ கூடினால் போதும் என்று நினைத்திருந்தேன். உன் முதலாளியிடம் தைரியமாகப் போகலாம். ஒரு பக்கத்தில் அவருக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்புகிறேன்.

ஒன்றுதான் இடிக்கிறது. சந்தனமாரியைச் சேர்த்தது சரிதான். ஆனால் பத்துப் பேரிலும் அதிகமாகக் கூடியிருப்பது அவளுடைய எண்தான், நூற்றுக்குப் பதினேழு. மாதம் ஏற ஏற அவள் எப்படி அதிகமாகச் சுமப்பாள்? டப்பா மாறிப்போயிற்றா? விசாரித்து எழுது.

உன் கண்ணைக் கவனி.

அக்கா,
தேவகனி


தூத்துக்குடி
2-6-1974

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம், உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். ஜெபகனிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினோம். இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். வீடு வேறு வீடு மாதிரி இருந்தது.

உங்கள் ஒரு பக்கத்தை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து, வரி வரியாகப் படித்தார். “நூத்துக்குப் பதினொண்ணா? இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா, வே” என்றார். கொட்டகை இனி நிரந்தரம். பானை எட்டு ஆகிவிட்டது. பக்கத்து அளத்து முதலாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறார். “மெட்ராஸ்ல புரொபசர் எழுதுனது” என்று சொல்லும்போது அவருக்கே ஒரு தோரணை வந்துவிடுகிறது. எனக்கும்தான்.

புதுத் துறைமுகத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஜெபகனியோடு போய்வந்தேன். கல்லைக் கொட்டிக் கொட்டிக் கடலுக்குள் எத்தனை தூரம் போய்விட்டார்கள். நீங்கள் வந்தால் கூட்டிப்போகிறேன். மாம்பழம் இந்த வருடம் புளிப்பு.

வேறு விசேஷம் இல்லை.

அன்புத் தம்பி,
சுந்தர்சிங்


சென்னை
25-6-1974

அன்புள்ள சுந்தர்சிங்,

ஜெபகனியின் பல் ஆறியிருக்கும். அவள் பேசத் தொடங்கியதும் நீயும் பழைய நிலைக்கு வந்திருப்பாய். எனக்குக் குறை ஒன்றுமில்லை.

உனக்குச் சந்தோஷமான செய்தி. உப்பளங்களுக்கு விதிகள் வகுக்க அரசு ஒரு குழு அமைத்திருக்கிறது. நான் எழுதிய பக்கம் எப்படியோ அங்கே போயிருக்கிறது. அதை விரித்து எழுதிக் கொடுக்கச் சொல்லி, ஆகஸ்டில் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு நாள் கல்லூரிக்கு விடுப்பு எடுத்து எழுதினேன். அச்சடித்த பிரதி இத்துடன். கடற்கரை முழுவதும், ஒவ்வோர் உப்பளத்திலும் கொட்டகையும் குடிநீரும் கட்டாயம் ஆகலாம்.

நான் பெருமை பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இதற்குமுன் நிறைய எழுதியிருக்கிறேன், படித்தவர்கள் என்னைப்போன்ற பதினைந்து பேர். யாருடைய தலைக்காவது நிழல் கொடுத்த முதல் பக்கம் இதுதான். அதைச் சொல்லிக்கொள்ள உன்னைத் தவிர எனக்கு ஆளில்லை.

சந்தனமாரியைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. சந்தேகம் இருந்தால் எழுதியிருப்பாய் என்று எடுத்துக்கொண்டேன். அவளைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘நிழலும் நீரும் கிடைத்தால், கருவுற்ற தொழிலாளியாலும்கூட முன்னைவிட அதிகமாகச் சுமக்க முடிகிறது.’ குழுவில் எல்லோருக்கும் பிடித்தது அந்த வரிதானாம்.

அக்கா,
தேவகனி


தூத்துக்குடி
19-7-1974

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு எல்லோரும் சுகம். இதை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய அச்சுப் பிரதியை அண்ணாச்சி கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறார். சந்தனமாரிக்கு இந்த மாதம் ஏழு பிறந்தது. வழக்கப்படி அவள் பெயரைச் சுமையிலிருந்து எடுத்துக் கிட்டங்கி வேலையில் எழுதப் போனேன். அண்ணாச்சி தடுத்துவிட்டார்.

“என்னத்துக்குவே சாக்குத் தைக்க? ஒங்க அக்கா என்ன எழுதியிருக்காக, பாரும்” என்று சுவரைக் காட்டினார். “மாசமா இருக்கவ மத்தவளவிட கூடச் சொமக்கா. எங்க ஐயா படிக்காத ஆளு, தெரியாம உக்கார வச்சிருக்காரு. நெழலு குடுத்தாச்சி, தண்ணி குடுத்தாச்சி. இன்னும் என்ன?”

இன்று பத்தாவது நாள். அவள் பெட்டி சுமக்கிறாள்.

நீங்கள் மே மாதம் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். டப்பா மாறவில்லை. கொட்டகை போட்ட மூன்றாம் நாள், மேட்டுக்கு மறுபுறம் நின்றிருந்தேன். சுடலைமாடத்தி பெட்டியைக் கொட்டிவிட்டு, சிப்பியைத் தன் டப்பாவில் போடாமல், மீன் வரைந்த டப்பாவில் போட்டாள். அது சந்தனமாரியுடையது. பின்னால் வந்தவளும் அப்படியே. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். சந்தனமாரி மட்டும்தான் அங்கே இருந்தாள். மணலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன இது?” என்றேன்.

“அவ புள்ளத்தாச்சி. வெயிலு ஏறுனா கெறங்கிக் கெறங்கி விழுதா. அவ கெடக்கட்டும், அவ சிப்பிய நாங்க போட்டுருதோம்.”

“நீங்களும் உட்காரத்தானே கொட்டகை?”

“நாங்க உக்காந்தா சிப்பி குறையும். சிப்பி குறைஞ்சா கொட்டகை போயிரும். எங்களுக்கு இது தெரியாதுன்னா நெனச்சீய? மொதல்ல கொட்டகை நெலைக்கட்டும் ஐயா, பொறவு உக்காந்துக்கிடுதோம்.”

அந்த நான்கு வாரமும் ஒன்பது பேரும் ஒரு தடவைகூட உட்காரவில்லை, அக்கா. உச்சியிலும் நடந்தார்கள். நீங்கள் நான்கு முறை கூட்டிப் பார்த்த பதினொன்று நிழல் கொடுத்தது இல்லை. நிழலைக் காப்பாற்ற அவர்கள் வெயிலில் நடந்தது.

நான் அன்றே எழுதியிருக்க வேண்டும். எனக்கும் அந்த எண் வேண்டியிருந்தது.

சுந்தர்சிங்


தூத்துக்குடி
9-8-1974

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் அறிய ஆசைப்படுகிறேன். மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. கோபம் என்றால் நாலு வரி திட்டியாவது எழுதுங்கள். முழங்கால் வலி என்றால் யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

குழு இந்த மாதம் கூடுகிறது என்று பத்திரிகையில் பார்த்தேன். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். முழுவதையும் வாபஸ் வாங்கினால் கொட்டகை போய்விடும், கடற்கரைக்கு வரவேண்டிய விதியும் போய்விடும். சந்தனமாரியைப் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட முடியாதா? மற்றது இருந்துவிட்டுப் போகட்டுமே. யாருக்குத் தெரியப்போகிறது?

சந்தனமாரி சமாளிக்கிறாள். அவள் பெட்டி பாதிதான் நிரம்புகிறது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

உங்கள் தம்பி,
சுந்தர்சிங்


சென்னை
24-8-1974

அன்புள்ள சுந்தர்சிங்,

உடம்பு நன்றாக இருக்கிறது. கோபம் இருந்தது, உன்மேல் இல்லை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மாணவி ஒருத்தி இப்படி ஓர் எண்ணைக் கொண்டுவந்தால் ஐந்து முறை திருப்பி அனுப்புவேன். உன்னிடம் ஒரு முறை கேட்டேன். நீ பதில் எழுதவில்லை. மறுமுறை நான் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. நீ மறைத்தது ஒரு பங்கு என்றால் நான் கேளாமல் விட்டது ஒரு பங்கு.

நேற்று முன்தினம் குழுவுக்குப் போனேன். பெரிய மேசை, எட்டுப் பேர். என் அறிக்கையிலுள்ள எண்கள் தவறு, எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பத்துப் பெண்கள் செய்ததையும் உள்ளபடி சொன்னேன்.

தலைவர் நல்ல மனிதர்தான். “அப்படியானால் கொட்டகை வேண்டாம் என்கிறீர்களா?” என்று கேட்டார்.

“வேண்டும் என்கிறேன்.”

“எந்த ஆதாரத்தில்? உங்கள் ஆதாரத்தை நீங்களே எடுத்துக்கொண்டீர்களே.”

“வெயிலில் எட்டு மணி நேரம் நிற்கிறார்கள். அதுதான் ஆதாரம்.”

இன்னோர் உறுப்பினர், உப்பு வியாபாரி என்று நினைக்கிறேன், சிரித்தார். “அம்மா பொருளாதாரம் பேச வந்தீர்கள் என்று நினைத்தோம். இரக்கம் பேசுகிறீர்கள். செலவு செய்கிறவனுக்கு வரவு தெரிய வேண்டாமா?”

நான் மேலே பார்த்தேன். “காலையிலிருந்து இந்த அறையில் மூன்று மின்விசிறி ஓடுகின்றன” என்றேன். “அவற்றால் இந்தக் குழு நூற்றுக்கு எத்தனை கூடுதலாக யோசிக்கிறது என்று கணக்குப் பார்த்தா போட்டார்கள்? புழுங்கும் என்றுதான் போட்டார்கள். நமக்கு அது போதுமான காரணம். அவர்களுக்கு மட்டும் வேறு காரணம் காட்டச் சொல்கிறோம்.”

யாரும் சிரிக்கவில்லை. இன்னும் ஒன்று சொன்னேன். லாபம் வருகிறது என்று சொல்லி ஒரு கொட்டகையை நிறுத்தினால், லாபம் வராத அன்றைக்கு அதைப் பிரிக்கவும் நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் ஆவோம். காரணம் கேட்காமல் ஒரு வழக்கம் அந்த அளத்தில் இருந்தது. நான் காரணம் கொடுத்தேன், அது போய்விட்டது.

குழு என்ன செய்யும் என்று தெரியாது. வெட்கத்தோடு உள்ளே போனேன், வரும்போது தலை நிமிர்ந்துதான் வந்தேன். படி இறங்கும்போது முழங்கால் வலிக்கவில்லை என்று எழுத ஆசை. வலித்தது.

உன் முதலாளிக்கும் ஒரு கடிதம் தனியாக அனுப்பியிருக்கிறேன். கருவுற்ற பெண்ணைப் பற்றி நான் எழுதிய வரி பொய், சட்டத்திலிருந்து அந்தத் தாளை எடுத்துவிட்டு இதை மாட்டுங்கள் என்று. அதன் பலனை நீயும் அந்தப் பெண்களும்தான் அனுபவிக்க வேண்டியிருக்கும். உங்கள் யாரையும் கேட்காமல் செய்தேன்.

அக்கா,
தேவகனி


தருவைகுளம் சாலை உப்பளம்
20-9-1974

(அக்கா, இது சுடலைமாடத்தி சொல்லச் சொல்ல எழுதியது. நான் ஒன்றையும் திருத்தவில்லை. சுந்தர்சிங்.)

டீச்சரம்மாவுக்குச் சுடலைமாடத்தி கும்பிட்டு எழுதச் சொல்லுதது. நாங்க பத்துப் பேரும் சொகமா இருக்கோம். ஒங்களுக்கு முட்டுவலின்னு ஐயா சொன்னாக. எனக்கும் உண்டு. உப்புத்தண்ணில நிக்க எனக்கு வரதுல ஞாயம் இருக்கு, நாக்காலில இருக்க ஒங்களுக்கு என்னத்துக்கு வருது?

ஒங்க காயிதம் வந்த அன்னைக்கு அண்ணாச்சி சொவத்துல இருந்ததக் கழட்டி எறிஞ்சிட்டாகளாம். திங்கக்கெழம கொட்டகையப் பிரிங்கடான்னு ரெண்டு ஆம்பளைய அனுப்பினாக. அன்னைக்குக் கெழக்க மேகம் கெடந்துச்சி. வாரி ஒதுக்குன உப்பு பூராவும் பாத்தில கெடக்கு, மழ விழுந்தா அம்புட்டும் கரைஞ்சி போவும்.

நாங்க ஒண்ணும் பேசி வச்சிக்கிடல. அவனுவ ஏணிய சாத்துதத நான் பாத்தேன். பெட்டிய எறக்கி வச்சிட்டு உள்ள போயி உக்காந்தேன். “ஏளா, வாங்க”ன்னேன். எல்லாரும் வந்து உக்காந்தாளுவ. டீச்சரம்மா, கொட்டகை போட்டு அஞ்சு மாசம் ஆச்சி, நாங்க பத்துப் பேரும் ஒண்ணா உக்காந்தது அன்னைக்குத்தான். உள்ள ஆளு இருக்கும்போது ஓலையப் பிரிக்க அவனுவளுக்குக் கை வரல.

அண்ணாச்சி கார்ல வந்தாக.

“என்ன, எல்லாரும் உக்காந்துட்டீய?”

“வெயிலு அடிக்கி, அண்ணாச்சி”ன்னேன்.

“நீங்க உக்காந்தா எனக்கு என்ன லாபம்?”

“ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல. எங்களுக்கு உக்காரணும்.”

“மழ வருது. உப்பு?”

“இருந்துட்டு அள்ளுதோம்.”

அண்ணாச்சி வெயில்லயே நின்னாக. வேர்த்து சட்டை ஒட்டிப் போச்சி. எங்களுக்கு ஒரு மாதிரி இருந்துச்சி. பொறவு நான்தான் சொன்னேன், “உள்ள வந்து நில்லுங்க அண்ணாச்சி, நெழலா இருக்கு.” குனிஞ்சி உள்ள வந்தாக. சந்தனமாரி எந்திரிக்கப் பாத்தா. “நீ இரு”ன்னாக. தண்ணி கேட்டாக, குடுத்தோம். குடிச்சிட்டு, “ஏணிய எடுங்கடா”ன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. லாவ நட்டம் ஒண்ணும் பேசல.

ஒரு மணி நேரம் இருந்துட்டு எந்திரிச்சோம். மழைக்கு முன்ன அம்புட்டு உப்பையும் மேட்டுல ஏத்தினோம். அன்னைக்கு யாரும் எண்ணல.

மறுநாளு சந்தனமாரிய நானே கூட்டிட்டுப் போயி கிட்டங்கில உக்கார வச்சேன். அண்ணாச்சி பாத்தாக, ஒண்ணும் கேக்கல. இப்பம் சாக்குத் தைக்கா. அடுத்த மாசம் பேறுகாலம்.

நாங்க சிப்பிய மாத்திப் போட்டதுக்குக் கோவிக்காதீய. நீங்க எங்கள எண்ணச் சொன்னது சரி. பத்துப் பேரு இங்கன இருந்தோம், எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லா?

சிப்பிய எல்லாம் கடல்ல கொட்டியாச்சி. டப்பாவ நல்லாத் தேச்சிக் கழுவி, பான மேல கவுத்தி வச்சிருக்கோம். அதுலதான் தண்ணி குடிக்கோம். மீன் போட்டது இப்பவும் சந்தனமாரிக்குத்தான்.

ஒடம்பப் பாத்துக்கிடுங்க.


சென்னை
2-10-1974

அன்புள்ள சுடலைமாடத்தி அம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்டு மகிழ்ந்தேன். சந்தனமாரி நலமாகப் பிள்ளை பெற்றுப் பிழைக்க வேண்டும். நாற்காலியில் இருக்கிறவளுக்கு ஏன் முட்டுவலி என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை.

குழுவிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. விதி வரலாம், வராமலும் போகலாம். வந்தால், அது என் கணக்கால் வந்தது இல்லை என்பதில் எனக்குச் சந்தோஷம். நீங்கள் உட்கார்ந்ததைக் குழுத் தலைவருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். எத்தனை பெட்டி என்று அதில் எழுதவில்லை.

நீங்கள் கேட்டது நியாயம். நான் எண்ணச் சொன்னேன், கேட்கச் சொல்லவில்லை. உங்கள் அளத்தைப் பஸ் ஜன்னலிலிருந்து அல்லாமல் ஒருநாளும் நான் பார்த்ததில்லை. மழை முடிந்து தையில் வேலை தொடங்கும்போது வருகிறேன். தம்பியோடு வந்து, உங்களோடு உள்ளே உட்காருகிறேன்.

அதற்குமுன் ஒன்று. பிப்ரவரியில் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். கொட்டகையில் இன்னும் என்னென்ன வேண்டும்? சுந்தர்சிங்கிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

காரணம் எழுத வேண்டாம்.

உங்கள்,
தேவகனி